வளர்ச்சிக்கு நாலு விரல்

எங்கள் காடைமட்டத்தில் எந்தப் பிள்ளையும் தன் அளவுக்கு ஸ்வெட்டர் போட்டதில்லை. குன்னூரிலிருந்து பஸ் முக்கி முனகி ஏறி வந்து நிற்கிற கடைசி ஊர் இது, ஆனியில் பிடிக்கிற மழை கார்த்திகை தாண்டியும் விடாத ஊர், கம்பளி இல்லாமல் கொல்லைப்பக்கம்கூடப் போக முடியாத ஊர். ஆனாலும் வருஷா வருஷம் புதுசு பின்னிப் போட யாருக்குக் கட்டும்? அதனால் பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தி, சணல் கயிறை நெஞ்சைச் சுற்றிப் பிடித்து, கயிறு முட்டுகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, அதற்கு அப்பால் வளர்ச்சிக்கு நாலு விரல் விட்டு இன்னொரு முடிச்சுப் போட்டு, அந்த இரண்டாவது முடிச்சுக்குத்தான் ஊசியில் கண்ணி ஏற்றுவோம். கைக்கும் ஒரு சாண் கூட்டிப் பின்னி மடித்துவிடுவோம். பிள்ளை வளர வளர மடிப்பு அவிழும், தொளதொளப்பு நிரம்பும், நிரம்பினதும் தம்பிக்கோ தங்கைக்கோ போகும். இது எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை, சோறு பொங்குகிறபோது தண்ணீர் எவ்வளவு என்று யாரும் கேட்காத மாதிரிதான்.

அந்த நாலு விரலை செலினா ஒரு தடவை விடாமல் போனாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் பிரகாசி. சவேரியார் கோயில் கூட்டுகிறவள், செலினா வீட்டுக்கு அடுத்த வீடு, நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவள் வீட்டுக்காரன் சூசை தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து லாரி ஓட்டுகிறவன். அவனுடைய முதல் பெண்டாட்டி பெர்னதெத் காமாலை கண்டு செத்துப்போனபோது மகள் ரெஜினாவுக்குப் பால்பல்கூட விழவில்லை. பெட்டியில் பெர்னதெத்தின் ஸ்வெட்டர் ஒன்று இருந்தது. செங்கல் நிறம், அசல் ஆட்டு ரோமம், ரெஜினா வயிற்றில் இருந்தபோது அவளே பின்னிக்கொண்டது. வயிறு பெருக்கப் பெருக்க அவளும் கண்ணியைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் அது முழங்காலைத் தொட்டு, போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தால் அவளும் பிள்ளையும் அதற்குள் குடித்தனம் நடத்துகிறார்களா என்று நாங்களே கேலி பண்ணுவோம். அவள் போனபிறகு அதை யாரும் தொடவில்லை.

செலினா கோத்தகிரிப் பக்கத்திலிருந்து இரண்டாம் தாரமாக வந்தாள். கதைகளில் வருகிற சித்தி என்று நினைத்துவிடாதீர்கள், அப்படி நினைத்தால் எனக்குக் கோபம் வரும். ரெஜினாவுக்குத் தலைவாரிப் பின்னல் போட்டு அனுப்பிய பிறகுதான் தன் வாயில் காப்பி ஊற்றுவாள். ஆனால் தனக்கென்று டோமினிக் பிறந்தான், நோஞ்சான், மார்ச்சளி, மூச்சு விட்டால் பூனை கத்துகிற சத்தம். அவன் நடக்க ஆரம்பித்த வருஷம் ரெஜினாவுக்கு ஒன்பது நடந்தது. அந்த வருஷம்தான் ரெஜினா பெட்டியைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்து வந்து செலினா மடியில் வைத்து, "சித்தி, எங்கம்மாதைப் பிரிச்சு எனக்குப் பின்னித் தர்றீங்களா?" என்று கேட்டாள். அதுவரை அந்தப் பிள்ளை வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை.

செலினா பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க நூல் வந்துகொண்டே இருந்தது. முறுக்கு முறுக்காகச் சுருண்டு வந்த நூலைச் சிட்டமாக, பெரிய வளையமாகச் சுற்றி, வெந்நீரில் அலசி, சுருக்கம் நிமிரச் சிட்டத்தின் அடியில் அம்மிக்குழவியைக் கட்டித் தொங்கவிட்டு, காய்ந்ததும் உருண்டையாகச் சுற்றிக் கூடையில் போட்டாள். கூடையைப் பார்த்தாள், தூளியில் இருமுகிற பிள்ளையைப் பார்த்தாள், எனக்குத் தெரிந்து அந்தப் பார்வையில்தான் எல்லாம் நடந்தது.

அளவெடுக்கிறபோது நான் அங்கேதான் இருந்தேன், சர்க்கரை கடன் வாங்கப் போனவள் காப்பியும் குடித்துக்கொண்டிருந்தேன். ரெஜினா கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். செலினா கயிறை நெஞ்சைச் சுற்றிக் கொண்டுவந்து இழுத்தாள், இன்னும் கொஞ்சம் இழுத்தாள், கயிறு கவுனுக்குள் பதிந்தது, அந்த இடத்தில் முடிச்சைப் போட்டாள். இரண்டாவது முடிச்சு போடவில்லை.

"ஏன்டி, வளர்ச்சிக்கு விடலையா?" என்றேன்.

"கொஞ்சம் பிடிப்பா இருந்தாத்தான்க்கா குளிர் உள்ளே போகாது," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

குடித்த காப்பிக்கு விசுவாசமாக நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கிறிஸ்மஸ் பூசைக்கு ரெஜினா அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். உடம்போடு ஒட்டி, ஒரு கண்ணி கூடவும் இல்லை, ஒரு கண்ணி குறைவும் இல்லை. மிச்ச நூல் மொத்தமும் டோமினிக் மேல் இருந்தது. நாலு விரலாவது, எட்டு விரலாவது, பெரிய பையன் போடுகிற அளவுக்குப் பின்னி, கையை மடித்து மடித்துத் தோள்வரை கொண்டுபோய், கீழே தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. பிள்ளை நடக்கிறதா ஸ்வெட்டர் தானே நடக்கிறதா என்று சாமியாரே சிரித்தார்.

அன்றிலிருந்து ரெஜினா வளரவில்லை.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. முதல் வருஷம் கவனிக்கவே இல்லை. இரண்டாம் வருஷம், சில பிள்ளைகள் அப்படித்தான், ஒரேயடியாக நெடுநெடுவென்று போகும் என்றோம். மூன்றாம் வருஷம் சூசை அவளைக் குன்னூர் டாக்டரிடம் காட்ட, அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து டானிக் எழுதிக் கொடுத்தார், டானிக் நல்ல ருசி என்று டோமினிக் குடித்துத் தீர்த்தான். அதற்கப்புறம் பழகிவிட்டோம். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த பெண்கள் எல்லாம் தாவணி போட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போக, ரெஜினா முதல் பெஞ்சில் கால் எட்டாமல் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து அதே பாடத்தைப் படித்தாள், மார்க்கும் நன்றாகவே வாங்கினாள். பரீட்சை எழுதப் போகிறவளுக்குப் பஸ் கண்டக்டர் அரை டிக்கெட் கிழித்தார், செக்கிங் ஏறினால் இவளே எழுந்து முழு டிக்கெட் கேட்பாள், செக்கிங்காரர் கன்னத்தைக் கிள்ளிவிட்டு இறங்கிப்போவார். பிளம்ஸ் மரத்தின் நுனிக்கொம்பு யாரைத் தாங்கும்? ரெஜினாவைக் கூப்பிடு. ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற தொட்டிக்கு அடியில் ஒருத்தி கம்மலைத் தொலைத்துவிட்டாள், யார் நுழைவது? ரெஜினாவைக் கூப்பிடு. கிறிஸ்மஸ் நாடகத்தில் சம்மனசு வேஷத்துக்கு வருஷா வருஷம் பிள்ளையைத் தேடி, இறக்கை தைத்து, பாட்டுச் சொல்லிக் கொடுத்து அலுத்துப்போன எங்கள் சாமியாருக்கு நிம்மதி. ஒரே இறக்கை, ஒரே பாட்டு, ஒரே சம்மனசு. மீசை முளைத்த ராசாக்கள் அவளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டுப் பாலனுக்குப் பொன்னும் தூபமும் வைத்தார்கள், போன வருஷம்வரை அவளோடு கோலி ஆடிய பையன்கள் அவர்கள். சூசைகூட லாரி ஸ்டாண்டில் பெருமையாகச் சொல்வான், "எம் புள்ளைக்குத் துணிமணிச் செலவே கிடையாது மாமா."

எங்களுக்கெல்லாம் அவள் வேண்டியிருந்தது, அதுதான் விஷயம். அவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

இதில் தூக்கம் கெட்டவள் செலினா ஒருத்திதான். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு செலினா மேல் அப்படியொரு மரியாதை வந்துவிட்டது. எத்தனை வருஷம் ஆனாலும் அன்றைக்குப் பின்னின ஸ்வெட்டர் அன்றைக்குப் போட்ட மாதிரியே பொருந்தி இருக்கிறதே, அளவென்றால் செலினா அளவு, கையென்றால் செலினா கை என்று வாய்க்கு வாய் சொல்வோம். ஒவ்வொரு தடவை சொல்கிறபோதும் அவள் முகம் ஏன் அப்படிச் சுண்டிப்போகிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை. வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். ஊரே அவளிடம் ஸ்வெட்டர் பின்னக் கொடுத்தது. அவளோ யார் பிள்ளைக்கு அளவெடுத்தாலும் கயிறைச் சேலைத்தலைப்பு மாதிரித் தளரவிட்டு, நாலு விரல் இல்லை, ஒரு முழம் விட்டுப் பின்னினாள். காடைமட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் கை எங்கே கால் எங்கே என்று தெரியாமல் கம்பளி மூட்டைகளாக உருண்டுகொண்டு திரிந்தார்கள். "இவளுக்குப் பெருமை ஏறிப்போச்சு, நம்ம நூலுன்னா தாராளம்தான்," என்று நாங்கள் பேசிக்கொண்டோம். எங்கள் நாக்கு இருக்கிறதே, அதற்கு எப்போதும் வளர்ச்சிக்கு விட்டுத்தான் இருக்கும்.

ரெஜினாவுக்கும் கடையில் பச்சை நூல் வாங்கிப் பெரிதாக ஒன்று பின்னிக் கொடுத்தாள். ஒரு குளிர்காலம் முழுக்க அந்தப் பெண் அதைப் போட்டுக்கொண்டு நடந்தாள், தோள் இறங்கி, கை தொங்கி, ஒரு விரல்கூட நிரம்பவில்லை. "அம்மா நூல்தான் சித்தி கதகதப்பா இருக்கு," என்று மறுபடி பழையதையே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

நூல் எங்கே இருக்கிறது என்று செலினாவுக்குத் தெரியும். டோமினிக் மேல் இருந்தது. அவனோ இருமல் விட்டு, சளி விட்டு, மடிப்பு ஒவ்வொன்றாக அவிழ அவிழ அந்த ஸ்வெட்டரை நிரப்பிக்கொண்டு வளர்ந்தான், அக்காவை எட்டினான், அக்காவைத் தாண்டினான். அவன் உடம்பில் ஓடுகிற வளர்ச்சி யாருடையது என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. இதை அவள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். எனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், கோயிலில் சாமியார் பாவம் கேட்கிற பெட்டிக்குப் பின்னால்தான் நான் துடைப்பம் வைக்கிற மூலை.

"அவகிட்ட இருந்து எடுத்துத்தான் சாமி இவன் வளர்றான். பிரிச்சு அவளுக்குக் குடுத்தா இவன் குறைஞ்சுபோயிடுவான். குடுக்காம இருந்தா அவ அப்படியே நின்னுடுவா. நான் என்ன செய்யட்டும்?"

"ஸ்வெட்டர் அளவா இருக்கறதைப் பாவம்னு சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது, செலினா," என்றார் அவர். "வேற எதாவது இருந்தா சொல்லு." கிறிஸ்மஸ் நாடகம் நெருங்கிக்கொண்டிருந்தது, சம்மனசைப் பற்றி அவருக்கும் கவலை இருக்கும்தானே.

அன்றைக்கு எனக்கு எல்லாம் புரிந்தது, கவுனுக்குள் கயிறு பதிந்தது கண்முன் வந்து நின்றது. ஆனாலும் தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டு திரிந்தேன். அவளோ இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சோறு போடுகிறபோது ரெஜினா தட்டில் மீனை வைப்பாள், டோமினிக் முகத்தைப் பார்ப்பாள், தனக்கு ரசம் ஊற்றிக்கொள்வாள். இப்படியே வருஷங்கள் போயின. பெற்ற பிள்ளையைக் குறைத்துக் கொடு என்றால் எந்தத் தாய் கொடுப்பாள், நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் ஜெசிந்தா கல்யாணம் வந்தது. ரெஜினாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள், ஒரே ஸ்லேட்டில் எச்சில் தொட்டு அழித்தவள், குன்னூரில் துணிக்கடையில் வேலை பார்த்துவிட்டு இப்போது கல்யாணப் பெண். "நம்ம ரெஜினா இருக்கப்ப பூத்தூவ வேற யாரைத் தேடறது?" என்று ஜெசிந்தாவின் அம்மா கேட்டாள். அதுவும் சரிதான் என்றோம். மஞ்சள் ஃபிராக் தைத்து, தலையில் ரிப்பன் கட்டி, கையில் கூடை கொடுத்து, இன்னும் பல் விழாத வாண்டுகளோடு அவளையும் வரிசையில் விட்டோம். ஜெசிந்தா பின்னால் வெள்ளைச் சேலையில் வர, இவள் முன்னால் ரோஜா இதழை எறிந்துகொண்டு நடந்தாள். நன்றாகவே நடந்தாள், அத்தனை வருஷப் பழக்கம். போட்டோக்காரர் அவளைப் பார்த்து, "பாப்பா, சிரி," என்றார். சிரித்தாள்.

விருந்தில் கேசரி பரிமாறுகிறபோது ஆளைக் காணவில்லை. செலினா தேடிக்கொண்டு வீட்டுக்குப் போனாள், நானும் பின்னால் போனேன். அறைக் கதவு சும்மா சாத்தியிருந்தது, இடுக்கில் பார்த்தோம். ரெஜினா ஃபிராக்கைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அந்தச் செங்கல் நிற ஸ்வெட்டருக்கு மேல் செலினாவின் பட்டுச் சேலையைச் சுற்றிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். சுற்றிச் சுற்றி, கொசுவம் வைத்து வைத்து, இன்னும் பாதிச் சேலை தரையில் குவிந்து கிடந்தது. அவள் குவியலைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், பிறகு குனிந்து சேலையைக் கசங்காமல் மடிக்க ஆரம்பித்தாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

செலினா உள்ளே போகவில்லை. வெளியே வந்து தகரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "அக்கா, நான் செஞ்சது உங்களுக்குத் தெரியும்ல," என்றாள்.

"தெரியும்," என்றேன்.

"ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை விட்டு ஊரே தெருவில் இறங்கி வருகிற நேரத்தில், செலினா வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். டோமினிக்கைக் கூப்பிட்டுக் கதவுநிலையில் முதுகை ஒட்டி நிற்கவைத்து, தலைக்கு மேல் கரித்துண்டால் கோடு போட்டாள். போட்டவள் அவனைக் கட்டிக்கொண்டு உச்சி மோந்தாள், வெளியூருக்கு அனுப்புகிற பிள்ளையைப் போல. பிறகு, "கழட்டுடா," என்றாள். அவன் கழற்றிக் கொடுத்தான். கழுத்தோரம் இருந்த முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்து, நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"என்னடி, நல்ல ஸ்வெட்டரைப் போய்ப் பிரிக்கறே?" என்று ஜெசிந்தாவின் அம்மா நின்றாள். அவள் நின்றால் தெருவே நிற்கும்.

பிரித்துக்கொண்டே செலினா சொன்னாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இது ரெஜினாவோட நூல். அவ அம்மா அவளுக்குன்னு விட்டுட்டுப் போனது. நான் கயிறை இறுக்கிப் பிடிச்சேன். வளர்ச்சிக்கு விடலை. அதான் அவ வளரலை. வேற ஒண்ணுமில்லை, நான்தான்."

ஊர் என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள்? மண்ணை வாரித் தூற்றும், காறித் துப்பும், அப்படித்தான் அவள் எதிர்பார்த்தாள், அதற்காகத்தான் வாசலில் உட்கார்ந்தாள். ஒருவரும் அப்படிச் செய்யவில்லை. "இதுக்குப் போயா," என்றாள் ஒருத்தி. "யாருதான் தன் பிள்ளைக்கு ஒரு கண்ணி கூடப் போடலை," என்றாள் இன்னொருத்தி. "அடுத்த மாசம் நாடகம் இருக்கேம்மா, அது முடிஞ்சு பிரிக்கக் கூடாதா?" என்று சாமியார் மெதுவாகக் கேட்டார். சூசை மட்டும் லாரிச் சாவியைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். எங்கள் மன்னிப்பு அவள் மேல் மழை மாதிரி விழுந்துகொண்டிருந்தது, அவள் தலையைக் குனிந்துகொண்டு பிரித்தாள். நூல் அவள் மடியில் குவிந்தது, கை போனது, தோள் போனது, நெஞ்சு போனது, அடிப்பட்டை போனது, கடைசிக் கண்ணியும் அவிழ்ந்து நுனி காற்றில் ஆடியது.

"டோமினிக், வந்து நில்லுடா," என்றாள். கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னாள்.

அவன் வந்து கோட்டுக்குக் கீழே நின்றான். தலை கோட்டைத் தொட்டது. செலினா எழுந்துபோய் உள்ளங்கையை அவன் தலைமேல் வைத்துப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள், முடியைப் படிய வாரிவிட்டுப் பார்த்தாள். ஒரு நூல்கூட அவன் குறையவில்லை. "குளிருதும்மா, வேற ஸ்வெட்டர் குடு," என்றான்.

அப்போதுதான் அவள் உடைந்தாள். இத்தனை வருஷமும் எதை எடுத்தால் எது போய்விடும் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாளோ, அது போகவே இல்லை, கொடுத்திருக்கலாம், முதல் வருஷமே, முதல் மாசமே, பிரித்துக் கொடுத்திருந்தாலும் இவன் இப்படியே நின்று குளிருது என்றிருப்பான். நிலைப்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்க எங்கள் ஒருவருக்கும் திராணி இல்லை, ஆனால் வீட்டுக்குப் போகவும் கால் எழவில்லை.

ரெஜினா உள்ளேயிருந்து வந்தாள். அவ்வளவையும் கேட்டிருக்கிறாள். ஒன்பது வயசு உடம்பில் இருபது வயசுக் கண்ணை வைத்துக்கொண்டு செலினா எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க இழுத்தது எனக்கு அப்பவே தெரியும் சித்தி," என்றாள்.

செலினா நிமிரவில்லை.

"நானும்தான் எக்கிக்கிட்டேன். வயித்தை, நெஞ்சை, எல்லாம். தம்பி இருமிக்கிட்டே இருந்தான்ல. கொஞ்சம் நூல் மிச்சமானா உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு. முதல் தடவையா உங்ககிட்ட ஒண்ணு கேட்டிருந்தேன், பெருசாக் கேட்டுட்டோமோன்னு பயமா இருந்துச்சு."

செலினா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முக்காலிக்கு அடியில் கிடந்த சணல் கயிறை எடுத்தாள். கயிறு இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது, இரண்டு தடவையும் ரெஜினாதான் எடுத்துக் கொடுத்தாள்.

"எழுந்திரு. அந்த ஸ்வெட்டரைக் கழட்டு. கையைத் தூக்கு," என்றாள் செலினா. கயிறை நெஞ்சைச் சுற்றிக் கொண்டுவந்து, விரலில் லேசாகப் பிடித்தாள். "எக்காதே கண்ணு."

"எக்கலை சித்தி."

"எக்கிக்கிட்டுத்தான் இருக்கே. அன்னிக்குப் பிடிச்சதை இன்னும் விடலை நீ. விடு."

ரெஜினா ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். தன் வயிற்றைத் தானே குனிந்து பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கே அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். கண்ணை மூடினாள், தோள் இறங்கியது, விலா விரிந்தது, மூச்சு வெளியே வந்தது, மெதுவாக, நீளமாக, இத்தனை காலமும் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் உள்ளே வைத்திருந்த மூச்சு. கயிறு செலினாவின் விரலுக்குள்ளிருந்து நகர ஆரம்பித்தது. அன்றைய முடிச்சு இருந்த இடத்தைத் தாண்டி நகர்ந்தது, நாலு விரலைத் தாண்டி நகர்ந்தது, செலினா இறுக்கவில்லை, நகரட்டும் என்று விட்டுக்கொண்டே இருந்தாள், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் கையை எடுக்கவில்லை. "விடு கண்ணு. இன்னும் விடு," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கயிறு தீரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் என் வீட்டுக்கு ஓடி, துணியெல்லாம் மண்ணில் விழுந்தாலும் விழட்டும் என்று, கொடிக்கயிறை அவிழ்த்துக்கொண்டு வந்தேன்.